ஆச்சும்மா, ஆச்சு

முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்ட டயர்க்கடைக்காரரைப் போன வாரம் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தோம். மனிதர் இன்னும் அதே தலையோடுதான் இருக்கிறார். இடது பக்கம் ஒட்ட வெட்டியது. வலது பக்கம் காதை மூடிக்கொண்டு தொங்குவது. அதன்மேல் ஒரு தொப்பி. வீட்டுக்குள்ளும் தொப்பி.

நடந்தது இதுதான். கடையிலிருந்த டிவியில் ஒரு விளம்பரம் வந்தது. தரை துடைக்கிற மருந்து விளம்பரம். அதில் ஒரு பொம்மைப் பெண். கரி பூசினாற்போல் முகம், முகத்தில் பாதிக்கு உதடு, தலையில் முண்டாசு, கையில் துடைப்பம். பளபளக்கிற வீட்டு எஜமானி மாடியிலிருந்து, "ஆச்சா?" என்று கேட்கிறாள். பொம்மைப் பெண் இடுப்பை ஆட்டிக்கொண்டு, "ஆச்சும்மா, ஆச்சு!" என்று இழுத்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், கொஞ்சம் பலமாகவே. சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அந்தச் சிரிப்பு அவர் பெண்டாட்டியுடையது. புரை ஏறுகிற மாதிரி மேலே போய், கடைசியில் ஒரு விழுங்கு விழுங்கி நிற்குமே, அதே சிரிப்பு. கழுத்தில் கட்டிய துணியை உருவிப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

அதற்குக் குரல் கொடுத்தது வேறு யாருமில்லை. அவர் மருமகள்தான். குரல் கொடுப்பது அவள் தொழில். வாசலிலேயே நிறுத்தி, "நீயா?" என்று கேட்டார். "ஆமா மாமா" என்றாள். தலை நிமிரவில்லை.

பெண்டாட்டிக்கு இன்னும் தெரியாது. அவளும் அந்த விளம்பரத்தைப் பலமுறை பார்த்தாயிற்று. தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

இன்று காலை டயர்க்கடைக்காரர் பல் தேய்த்துவிட்டு வந்தபோது சமையலறையில் பாடம் நடந்துகொண்டிருந்தது.

"தட்டை இங்க வைக்கட்டுமா?" என்றாள் மருமகள். லிஃப்டில் மாடி எண் சொல்கிற குரல் அது. நிஜமாகவே நகரத்தில் பாதி லிஃப்டுகளில் பேசுவது அவள்தான்.

"தட்டை இங்க வைக்கட்டுமாஆ" என்றாள் மாமியார்.

"கடைசியை இழுக்காதீங்க அத்தை. சட்டுனு வெட்டிடுங்க."

"உங்க மாமா தலை மாதிரியா?"

சொல்லிவிட்டு அவள் சிரிக்கப்போனாள். வாயைத் திறந்தவள், பாதியில் நிறுத்தி உதட்டை மடித்துக்கொண்டாள். பத்துப் பதினைந்து நாளாகவே இப்படித்தான். சிரிப்பு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வார்டு வார்டாகச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தட்டு வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். அந்த விளம்பரம் வந்த புதிதில், ஊசிக்குப் பயந்து அழுத ஒரு குழந்தைக்காக டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "எங்கே, டிவியில வர்ற மாதிரி சொல்லு பாப்போம்" என்றார். அவளும் குழந்தைக்காகச் சொன்னாள். குழந்தை அழுகையை நிறுத்திற்று. அன்றோடு அவள் நிம்மதி போயிற்று. ஒவ்வொரு கட்டிலிலிருந்தும், "ஆச்சா? ஆச்சா?" நர்சுகள் கேட்டார்கள். பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். பஸ்ஸில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். வேறு மாதிரி பேசக் கற்றுக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்றுதான் இந்தப் பாடம்.

இதில் கொடுமை என்னவென்றால், அது விளம்பரக்காரன் சொல்லே இல்லை. இந்த ஊர்ப் பாஷையில் அவள் கற்ற முதல் சொல். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு பெரிய வீட்டில் தரை துடைக்கப் போனாள். வீட்டம்மா மாடியில் நின்றுகொண்டு, "ஆச்சா? ஆச்சா?" என்று கத்திக்கொண்டே இருப்பாள். பாஷை தெரியாத பெண் கீழேயிருந்து, "ஆச்சும்மா, ஆச்சு" என்பாள். அந்த வேலை போய் எத்தனையோ காலமாயிற்று. சொல் மட்டும் நாக்கிலேயே தங்கிவிட்டது. அடுப்பை அணைத்தால் ஆச்சும்மா ஆச்சு. துணி உலர்த்தினால் ஆச்சும்மா ஆச்சு. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை, மருமகளைத் தவிர.

"இப்ப இதைச் சொல்லுங்க. சாப்பிட்டு முடிச்சிட்டீங்களா?"

"சாப்பிட்டு முடிச்சிட்டீங்களா?" சொல்லிவிட்டுப் பழக்கத்தில் பல்லைக் காட்டினாள்.

"சிரிப்பு வேண்டாம் அத்தை."

"சிரிக்காமக் கேட்டா, நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்குவாங்க கண்ணு. நம்ம மூஞ்சி அப்பிடி. நாம சும்மா நின்னாலே அவங்களுக்குத் திக்குனு இருக்கும். அதான் நான் மொதல்ல சிரிச்சுடறது."

மருமகள் குழாயைத் திறந்து, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"அந்த டிவியில பேசறவ யாரோ, நல்லா இருக்கட்டும்" என்றாள் மாமியார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அவ மட்டும் என் கையில கெடைச்சா ஒண்ணே ஒண்ணு கேப்பேன். நான் உனக்கு என்னடி பண்ணேன்? நீதான் நல்லவ கண்ணு. உனக்கு இருக்கிற வேலையில எனக்குப் பாடமும் சொல்லித் தர்றே."

டம்ளர் மருமகள் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

டயர்க்கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இருவரில் யார் முகத்தையும் பார்க்க அவரால் முடியவில்லை. பையன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவன், வீட்டில் இல்லை. இருந்திருந்தால் இதை அவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருப்பார்.

மாமியார் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பிறகு கேட்டார். "இன்னிக்குத்தானே உனக்கு அங்க வேலை?"

"ஆமா மாமா. ரெண்டாவது விளம்பரம்."

"நானும் வரேன்."

"நீங்க எதுக்கு மாமா?"

"அந்த எடத்தை நான் பாக்கணும். என்ன பண்றாங்கன்னு தெரியாம உன்னைத் திட்டறதும் தப்பு, விடறதும் தப்பு."

கடையின் சின்ன லாரியில்தான் போனார்கள். பின்னால் பழைய டயர்கள் தடதடவென்று குதித்தன. கொஞ்ச தூரம் போனதும் அவளே ஆரம்பித்தாள்.

"மொதல் நாள் நான் என் குரல்லதான் பேசினேன் மாமா."

"அப்புறம்?"

"இது உங்க ஆளுங்க மாதிரி இல்லையேன்னாங்க. நானே எங்க ஆளுதானே சார்னு சொன்னேன். சிரிச்சாங்க. இல்லம்மா, உங்க ஆளுங்க எப்பிடிப் பேசுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும், அந்த மாதிரி பேசுன்னாங்க. வெளியில இன்னும் பத்துப் பேர் காத்திருந்தாங்க. எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்துச்சு. அவங்க மாதிரியே இழுத்து ஆச்சும்மா ஆச்சுன்னு சொன்னேன். கை தட்டினாங்க."

"கை தட்டினாங்களா?"

"எத்தனை வருஷமா பேசறேன். அன்னிக்குத்தான் மொதல் தடவை கை தட்டினாங்க."

அவர் கியரை மாற்றினார். திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகளில் பாதி எங்கோ போய்விட்டன.

அந்தக் கட்டடத்தின் வாசலில் காவல்காரன் கையை நீட்டி லாரியை நிறுத்தினான். நம் ஆள்தான். கறுத்த முகத்தைப் பார்த்தாலே தெரியும். "சாமான் எறக்கறது பின் வாசல்" என்றான்.

"சாமான் இல்ல. இவ பேச வந்திருக்கா."

"யாரா இருந்தாலும் பின் வாசல்."

"நீ எந்த வாசல் வழியா வீட்டுக்குப் போவே?"

"பின் வாசல்தான்" என்றான் காவல்காரன், அதில் என்ன கேள்வி என்பதுபோல. டயர்க்கடைக்காரருக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. லாரியைப் பின்பக்கம் திருப்பினார்.

உள்ளே எல்லாச் சுவரிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நடுவில் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருமகள் மைக்கின் முன் நின்றாள். இந்தப் பக்கம் மெத்தை நாற்காலிகளில் நாலைந்து பேர். நடுவில் இருந்தவன் இயக்குநர். முடியை வாலாகக் கட்டியிருந்தான். கெட்டவன் மாதிரி தெரியவில்லை. இவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான், காபி வரவழைத்தான். அப்படிச் செய்கிறவர்களைத்தான் டயர்க்கடைக்காரர் அதிகம் சந்தேகப்படுவார்.

"அங்கிள், உங்க மருமகள் எங்களுக்குக் கெடைச்ச அதிர்ஷ்டம். இந்தக் கேரக்டர் மேல ஊருக்கே எவ்வளவு அன்பு தெரியுமா?"

"அன்பா?"

"ஆமா அங்கிள். குழந்தைங்ககூட அவளை மாதிரியே பேசுதுங்க."

"எங்க வீட்டுப் பொம்பளையைப் பாத்துப் பேசுதுங்க."

அவனுக்குப் புரியவில்லை. அன்பாகவே தலையாட்டினான்.

எதிரே சின்னத் திரையில் படம் ஓடிற்று. பொம்மைப் பெண் தரையைத் துடைக்கிறாள். தரை கண்ணாடியாக மின்னுகிறது. குனிந்து பார்க்கிறாள். அதில் அவள் முகமே தெரிகிறது. "ஐயோ பேய்!" என்று அலறித் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். பிறகு தன் முகம்தான் என்று தெரிந்து சிரிக்கிறாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

டயர்க்கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு தடவை சிரித்ததே அவருக்குப் போதும். டிவியில் நம் ஆள் வந்தால் கையில் துடைப்பம் இருக்கும், இல்லாவிட்டால் கத்தி இருக்கும். சும்மா கையை வீசிக்கொண்டு வந்த நம் ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை. இப்போது பேயாகவும் பார்த்தாயிற்று.

மருமகள் அலறினாள். நன்றாக அலறினாள். "ஆச்சும்மா, ஆச்சு" என்றாள். அதுவும் சரி. பிறகு சிரிக்க வேண்டும்.

சிரித்தாள். அது யாரோ ஒருத்தி சிரிப்பு.

"பழைய சிரிப்பு வேணும்மா" என்றான் இயக்குநர் மைக்கில்.

மறுபடி சிரித்தாள். மேலே ஏறிற்று. விழுங்கு வரவில்லை. மறுபடி. இருமல் மாதிரி வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். விளக்கைக் குறைத்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடுகிறவள்போல நின்றாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"வரல சார். கேட்டு ரொம்ப நாளாச்சு. எங்க வீட்டுல இப்ப அந்தச் சிரிப்பு இல்ல."

"வீட்டுலயா?"

"அது எங்க அத்தை சிரிப்பு."

இயக்குநர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "அப்ப அசல் ஆள் ஒருத்தர் இருக்காங்களா? இதை ஏம்மா மொதல்லயே சொல்லல? கூட்டிக்கிட்டு வாங்க! நாளைக்கே வரட்டும். அவங்க பேசட்டும், நீ கூட இருந்து பழகிக்கோ. அங்கிள், உங்க மனைவியா? என்ன அங்கிள், வீட்டுலேயே ஒளிச்சு வெச்சிருக்கீங்க!"

டயர்க்கடைக்காரர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். பாதித் தலையைப் பார்த்து அறையில் இருந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

"அவ ஆஸ்பத்திரியில நோயாளிக்குச் சோறு வெக்கிறவ, தம்பி. பேய் இல்ல."

 தொப்பியைப் போட்டுக்கொண்டு பின் வாசலுக்கு நடந்தார்.

மருமகள் லாரியில் வந்து ஏற நேரமாயிற்று. "நாளைக்கு வரைக்கும் பாப்பாங்களாம். இல்லேன்னா வேற குரலாம்" என்றாள். "இந்த வருஷம் பூரா அந்தக் கம்பெனி வேலை எல்லாம் எனக்குத்தான்னு சொல்லியிருந்தாங்க. இனிமே லிஃப்டுதான்."

"லிஃப்டுக்கு என்ன? மரியாதையான வேலை."

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"கடையில நீங்க சிரிச்சீங்களே, எதைப் பாத்துச் சிரிச்சீங்க?"

அவர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு லாரியைக் கிளப்பினார்.

சாயங்காலம் பெண்டாட்டி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நீ சொல்லிக் குடுத்த மாதிரியே பேசினேன் கண்ணு. ஒரு இழுப்பு இல்ல, ஒரு சிரிப்பு இல்ல. ஜன்னலோரக் கட்டில்ல ஒரு கெழவர் இருக்கார், கால் ஒடைஞ்சவர். அவர் என் கையைப் புடிச்சுக்கிட்டு, உனக்கு ஒடம்பு சரியில்லையாம்மான்னு கேட்டார். சாப்பிடவே மாட்டேன்னுட்டார்."

மருமகள் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அத்தை, அந்த டிவிப் பொம்பளை நான்தான்."

"எந்தப் பொம்பளை?"

"ஆச்சும்மா ஆச்சு."

"நீயா? போடி. உனக்கு அப்பிடிப் பேச வராது."

"உங்களை மாதிரி பேசினேன் அத்தை."

"நான் அப்பிடியா பேசறேன்?" அவள் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க சொல்லுங்க. நான் அப்பிடியா பேசறேன்?"

டயர்க்கடைக்காரர் எழுந்து டிவியைப் போட்டார். செய்திக்கு முன்னால் அந்த விளம்பரம் தவறாமல் வரும். மூன்று பேரும் காத்திருந்தார்கள். சோப்பு வந்தது, கார் வந்தது, பிறகு அது வந்தது.

"ஆச்சும்மா, ஆச்சு!" பொம்மைப் பெண் சிரித்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவள் முகம் மாறிற்று. எதிர்பாராமல் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் சிரித்துவிட்டாள். புரை ஏறுகிற மாதிரி மேலே போய், கடைசியில் ஒரு விழுங்கு.

டிவிச் சிரிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டும் ஒன்று. அறையிலிருந்த யாருக்கும் இனிமேல் சந்தேகமில்லை.

அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"தப்புத்தான் அத்தை" என்றாள் மருமகள். கண்ணீர் தரையில் சொட்டிற்று. மாமியார் அவளைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"நீங்க இதை எங்க பாத்தீங்க?"

"முடிவெட்டற கடையில."

"சிரிச்சீங்களா?"

பொய் சொல்லலாமா என்று அவர் யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியாது.

"சிரிச்சேன். உன் சிரிப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எழுந்து வந்துட்டேன்."

அவள் எழுந்து வந்து அவர் தொப்பியை எடுத்தாள். பாதித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதான் இதுவா?" என்றாள். உள்ளே போய்க் கத்திரியும் சீப்பும் ஒரு பழைய துண்டும் கொண்டு வந்தாள். அவரை விளக்குக்கு நேராக உட்காரவைத்துக் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினாள்.

வலது பக்க முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது.

"இன்னிக்கு அங்க என்ன பேசச் சொன்னாங்க கண்ணு?"

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். பளபளக்கிற தரை, அதில் முகம், "ஐயோ பேய்!", ஓட்டம், சிரிப்பு, எல்லாவற்றையும். சிரிப்பு வராததையும் சொன்னாள். அத்தையையே கூட்டி வரச் சொன்னதையும் மறைக்கவில்லை.

கத்திரி நின்றது. பிறகு மறுபடி வெட்டத் தொடங்கிற்று.

"அந்த மைக்கு முன்னாடி நின்னு பேசினா எல்லாருக்கும் கேக்குமா?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கும் அத்தை. பெரிய ஆளுங்க எல்லாம் அங்கதான் உக்காந்திருப்பாங்க."

"நடுவுல நிறுத்துவாங்களா?"

"பேசி முடிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க."

"அப்ப நாளைக்கு நான் வரேன்."

"எதுக்கு அத்தை? வேண்டாம். நான் போகமாட்டேன்னு சொல்லிடறேன்."

"நான் வரேன்னேனே."

சொன்ன குரல் எது என்று டயர்க்கடைக்காரருக்குப் பிடிபடவில்லை. இழுப்பு இல்லை. லிஃப்டின் குரலும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் உலகத்தில் சந்தேகப்படாத ஆள் இவள் ஒருத்திதான். நாளை அந்த மைக்கின் முன் இவள் என்ன சொல்லப் போகிறாள், சிரிக்கப் போகிறாளா, கிழிக்கப் போகிறாளா? முகத்தைப் பார்த்தாலாவது தெரியும் என்று திரும்ப முயன்றார்.

"ஆடாதீங்க" என்றாள்.

கத்திரி காதோரம் இருந்தது. அவரால் திரும்ப முடியவில்லை.